மருதிருவரும் அரண்மனைச் சூதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்து காளையார்கோயில், சிறுவயல், திருப்பத்தூர் என்று மருதுபாண்டியர் நடமாடிய ஊர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளையும் வெளியூர் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போவது எனக்கு வழக்கம். வேன் தெப்பக்குளம் தாண்டுவதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவர்கள் போரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. உடன்பிறந்தவர்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டே நாடு பிடித்த காலம் அது. அந்தக் காலத்தில் இந்த அண்ணன் தம்பியைக் கடைசிவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. என் பதில்கள் அந்தப் பக்கமாகவே சாயும். படிப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மருது சகோதரர்கள் யார்?

பெரிய மருது 1748-இலும் சின்ன மருது 1753-இலும் பிறந்தவர்கள். ஊர், அருப்புக்கோட்டைப் பக்கம் நரிக்குடிக்கு அருகில் உள்ள முக்குளம். அப்பா மொக்கை பழனியப்பன், அம்மா பொன்னாத்தாள். பெரியவருக்கு வெள்ளை மருது என்றும் பெயர் உண்டு. சிறுவயதிலேயே சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் சேவகத்துக்குச் சேர்ந்தார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் இருவரையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தூக்கிலிட்டது. இந்தத் திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்தில் இருப்பது. வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் என்று நினைத்து வழி கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் அரசர்கள்தானே?

பட்டம் கட்டிக்கொண்ட அரசர்கள் இல்லை. சேவகர்களாக வந்து பொறுப்புக்கு உயர்ந்தவர்கள். 1772 ஜூன் 25-இல் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து காளையார்கோயிலைத் தாக்கியபோது முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலுநாச்சியார் மகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போனார். சிவகங்கைக்கு நவாப் ‘உசேன் நகர்’ என்று பெயர் மாற்றினார். ஊரே கைவிட்டுப் போன அந்தக் காலத்தில் மருதிருவர் ராணியோடு நின்றார்கள். ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சீமையை மீட்டார்கள்.

அதற்குப் பிறகு சின்ன மருது பிரதானி, அதாவது முதன்மை அமைச்சர். பெரிய மருது தளவாய், அதாவது படைத்தலைவர். ராணியின் மகள் வெள்ளச்சியைக் கட்டிய வேங்கன் பெரிய உடையத் தேவர் பெயரில் ஆட்சி நடந்தது. அதிகாரம் மருதுகள் கையில் இருந்தது. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ராணிக்கும் மருதுகளுக்கும் இடையே பிணக்கு வந்ததும் உண்மை. அதைச் சாக்காக வைத்து 1789-இல் கம்பெனிப் படை சிவகங்கைக்குள் வந்ததும் உண்மை. அரண்மனை என்றால் மனத்தாங்கலும் இருக்கும், கட்சியும் இருக்கும். கோள் மூட்டுபவர்களுக்கும் பஞ்சம் இருக்காது. இத்தனைக்கும் நடுவில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர்க் கட்சியில் நின்றதாக ஒரு இடத்திலும் இல்லை.

அரண்மனைச் சூது என்கிறீர்களே, அது எந்த அரண்மனை?

சென்னை சேப்பாக்கம் அரண்மனை. கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிற சிவப்புக் கட்டிடம்தான்.

கணக்குப்படி தில்லி பாதுஷாவுக்கு அடங்கியவர் ஹைதராபாத் நிஜாம், நிஜாமுக்கு அடங்கியவர் ஆற்காட்டு நவாப், நவாபுக்குக் கப்பம் கட்ட வேண்டியவர்கள் தெற்கே உள்ள பாளையக்காரர்கள். 1765-இல் ஷா ஆலம் பாதுஷாவிடமிருந்து ஒரு ஃபர்மான் (அரச ஆணை) வாங்கி, நிஜாமின் பிடியிலிருந்து நவாப் முகம்மது அலி வாலாஜா விலகிக்கொண்டார். காகிதத்தில் அவர் தனி அரசர். உண்மையில் கடனாளி.

போர்ச் செலவுக்கும் அரண்மனைச் செலவுக்கும் கம்பெனியிடம் கடன் வாங்கினார். அது போதாமல் கம்பெனியில் வேலை பார்த்த அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் பெருவட்டிக்கு வாங்கினார். வட்டிக்குப் பதிலாக ஊர் ஊராக வரி வசூல் உரிமையை எழுதிக் கொடுத்தார். சம்பளத்துக்கு வந்த அதிகாரி, நவாபுக்கு வட்டிக்காரன் ஆனான். வட்டி வர வேண்டும் என்றால் வரி வர வேண்டும், வரி வர வேண்டும் என்றால் படை போக வேண்டும். அந்தப் படையை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேசையிலும் அதே அதிகாரிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் பெயர் போனவர் பால் பென்ஃபீல்டு. தஞ்சாவூர் வருவாயில் தனக்குப் பெரும் தொகை வர வேண்டும் என்று உரிமை கொண்டாடினார். 1776-இல் சென்னை கவர்னர் பிகட் தஞ்சாவூரை அதன் ராஜாவிடமே திருப்பிக் கொடுத்தார், பென்ஃபீல்டின் கோரிக்கையையும் ஏற்கவில்லை. என்ன நடந்தது தெரியுமா? கவர்னரின் சொந்த ஆலோசனைச் சபைக்காரர்களே கவர்னரைக் கைது செய்தார்கள். அடுத்த வருடம் காவலில் இருந்தபடியே அவர் செத்துப்போனார். 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்த நவாப் கடன்களைப் பற்றி நெடிய உரை ஆற்றினார். அதனால் நம் பக்கம் எதுவும் மாறவில்லை. சேப்பாக்கத்தில் எழுதிய ஒவ்வொரு கடன் பத்திரமும் கடைசியில் சிவகங்கை, மானாமதுரை, திருநெல்வேலி வயல்காட்டில்தான் வசூலானது. 1792 ஒப்பந்தத்தோடு பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் வேலையே கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது.

நவாப் குடும்பத்தில் அண்ணன் தம்பி உறவு எப்படி இருந்தது?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி.

நவாப் அன்வருத்தீன் 1749-இல் ஆம்பூர்ப் போரில் இறந்தார். அவருடைய மூத்த மகன் மாபூஸ் கான். ஆனால் கம்பெனியின் தயவில் நவாப் ஆனவர் இளையவர் முகம்மது அலி. 1755-இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்து வரி வசூலிக்கும் பொறுப்பு மாபூஸ் கானுக்குக் கிடைத்தது. அண்ணன், தம்பியின் குத்தகைக்காரராக மதுரைக்கு வந்து இறங்கினார். அந்த நிலைமையில் மனது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் அவர் நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு சேர்ந்துகொண்டு தம்பிக்கு எதிராகவே நின்றார். நெல்லூரில் இருந்த இன்னொரு சகோதரர் நஜிபுல்லாவும் கலகம் செய்தார்.

அடுத்த தலைமுறையும் அப்படியே. வாலாஜாவுக்கு இளைய மகன் அமீருல் உமராமேல் பிரியம், மூத்தவர் உம்தத்துல் உமராவுக்கு அது பொறுக்கவில்லை. இளையவர் 1788-இல் இறந்துபோக, 1795-இல் மூத்தவர் நவாப் ஆனார். அவர் 1801 ஜூலை 15-இல் கண்ணை மூடியதும் கம்பெனி ஆட்கள் அவர் மகன் அலி உசேனிடம் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தார். உடனே யாரைத் தேடிப் பிடித்தார்கள்? இறந்துபோன தம்பி அமீருல் உமராவின் மகன் அசீமுத் தௌலாவை. ஜூலை 31-ஆம் தேதி அவர் கையெழுத்துப் போட்டார், கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் சீமை முழுவதும் கம்பெனி வசமானது. அப்பாக்களுக்குள் இருந்த புகைச்சல் பிள்ளைகள் காலத்தில் ஒரு ராஜ்ஜியத்தையே எரித்தது. அதே நாட்களில்தான் கம்பெனிப் படை சிறுவயலை நெருங்கிக்கொண்டிருந்தது.

மற்ற அரண்மனைகளிலும் இப்படித்தானா?

ஆமாம். தஞ்சாவூரில் மன்னர் துளஜாவின் சகோதரர் அமர்சிங் ஒரு பக்கம், தத்துப்பிள்ளை சரபோஜி மறுபக்கம். 1798-இல் அமர்சிங்கை இறக்கிவிட்டுச் சரபோஜியை ஏற்றினார்கள், அடுத்த வருடமே ஆட்சியை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ராமநாதபுரத்தில் முத்துராமலிங்க சேதுபதியை 1795-இல் பதவியிறக்கிச் சிறையில் வைத்தார்கள். 1803-இல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாரை ஜமீன்தாரிணி ஆக்கினார்கள். அண்ணன் தம்பி, அக்கா தம்பி, பெரியப்பா மகன் சித்தப்பா மகன் என்று எந்த வீட்டில் விரிசல் இருந்ததோ அந்த வீட்டில் கம்பெனி கையை நுழைத்தது.

மதுரைக்காரர்களுக்கு கான் சாகிப் என்ற யூசுப் கானை மறக்க முடியாது. கம்பெனியின் ஆளாக மதுரையை நிர்வகித்து, பிறகு அவர்களையே எதிர்த்து நின்ற யூசுப் கானை 1764 அக்டோபரில் தொழுகையில் இருந்தபோது பிடித்துக் கொடுத்தவர்கள் அவர் கோட்டைக்குள் இருந்தவர்கள்தான். சம்மட்டிபுரத்தில் அவருக்குத் தர்கா இருக்கிறது.

மருதிருவர் தங்களுக்குள் எப்படி வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்?

இதற்கு நல்ல சாட்சி எதிரி முகாமிலிருந்தே கிடைக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1795 வாக்கில் மதுரையில் இருந்தவர். மருதிருவரோடு பழகியவர். பிற்பாடு அவர்களுக்கு எதிராகப் போரிட்டவரும் அவரே. 1830-இல் வெளியான தன் ராணுவ நினைவுகளில் இருவரையும் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

பெரிய மருது ஆட்சி விவகாரத்தில் தலையிடுவதே இல்லை என்கிறார் வெல்ஷ். ஆஜானுபாகுவான ஆள். பொழுதெல்லாம் வேட்டை. புலியை நேருக்கு நேர் நின்று வேட்டையாடுவார். கனத்த ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார். வெள்ளைக்காரர்கள் யாருக்காவது வேட்டை ஆசை வந்தால் அவரிடம்தான் போவார்களாம். சின்ன மருது சிறுவயலில் இருந்தார். கறுப்பு நிறம், நல்ல வாட்டசாட்டம், இனிமையாகப் பழகுபவர். அவர் தலையசைத்தால் அதுதான் சட்டம். இருந்தும் அவர் வீட்டு வாசலில் ஒரு காவலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி (வளைந்த எறிகருவி) வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது.

இப்போது இதை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கம் அண்ணன்தான் குடும்பத் தலைவர். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதிலிருந்து கோயில் பரிவட்டம் வரைக்கும் மூத்தவருக்குத்தான் முதல் மரியாதை. பரிவட்டத்தை யாருக்குக் கட்டுவது என்ற தகராறில் தேர் நின்ற ஊர்களும் உண்டு. அந்த மண்ணில், 5 வயது மூத்தவர், உடல் பலத்தில் ஊரே அஞ்சும் ஆள், பிரதானிப் பதவி தம்பியிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நிர்வாகத்துக்குத் தம்பிதான் சரி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தம்பியும் அண்ணனை ஓரங்கட்டவில்லை. படை அண்ணன் கையிலேயே இருந்தது. சேப்பாக்கத்தில் ஒரு கையெழுத்துக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் திறமை குறைந்தவர் என்பதால் ஒதுங்கிக்கொண்டார் என்று சிலர் சொல்கிறார்களே?

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. காளையார்கோயிலின் பெரிய ராஜகோபுரம் பெரிய மருது காலத்துத் திருப்பணி. அதற்கான செங்கல் மானாமதுரையிலிருந்து வந்தது, வழிநெடுக மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றியே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது ஊர்வழிக் கதை. கதையில் கொஞ்சம் கூட்டல் இருக்கலாம். ஆனால் கேட்டதும் ஊர் திரண்டு வருகிற ஒரு மனிதரைப் பற்றித்தான் அப்படிக் கதை பிறக்கும். குன்றக்குடியிலும் அவருக்குப் பேர் உண்டு. முதுகில் ராஜபிளவை என்ற பெரிய கட்டி வந்து அவதிப்பட்டபோது குன்றக்குடி முருகன் விபூதியால் குணமானார், அதனால் அங்கே திருப்பணி செய்தார் என்பார்கள். இது ஒதுங்கிக் கிடந்த ஆளின் வரலாறு இல்லை. எதை விட்டுக்கொடுக்கலாம் எதை விடக்கூடாது என்று தெரிந்திருந்த ஆளின் வரலாறு.

ஊமைத்துரைக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?

ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனின் தம்பி. சொந்தப் பெயர் குமாரசாமி. பேச்சு சரியாக வராது என்பதால் அந்தப் பெயர். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அண்ணனைத் தூக்கிலிட்டார்கள், தம்பியைப் பாளையங்கோட்டையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணால் மறுபடி எழுப்பினார். அண்ணன் இல்லாத கோட்டையை மே மாதம் 24 வரைக்கும் காத்தார். பேச வராதவரின் ஒரு கையசைப்புக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கட்டுப்பட்டதைப் பார்த்து எதிரிகளே வியந்தார்கள்.

கோட்டை விழுந்த அன்று நடந்ததாக வெல்ஷ் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தாய் பிணக்குவியலுக்குள் தன் மகனைத் தேடிக்கொண்டு வருகிறாள். மகனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தூக்க வந்தவளிடம் அவன் சொல்கிறான், என்னை விடு, பக்கத்தில் சாமி காயத்தோடு கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்று. சாமி என்று அவர்கள் கூப்பிட்டது ஊமைத்துரையை. அவள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டில் கிடத்தித் துணியால் மூடினாள். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அம்மை போட்டுச் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தாள். அம்மை என்றதும் அவர்கள் ஓடிவிட்டார்கள். பெற்ற மகனை விட்டுவிட்டு அவர் உயிரைக் காத்த அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. வேனில் இதைச் சொல்லும்போது பின்சீட்டுப் பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

உயிர் தப்பிய ஊமைத்துரை நேரே வந்து சேர்ந்த இடம் சிறுவயல், சின்ன மருதுவின் வீடு.

ஊமைத்துரையை ஒப்படைத்திருந்தால் சிவகங்கை தப்பியிருக்குமே?

கொஞ்ச காலம் தப்பியிருக்கலாம். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த புதுக்கோட்டைத் தொண்டைமான் ராஜ்ஜியம் 1948 வரைக்கும் இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் எட்டயபுரத்துக்குப் பங்கு கிடைத்தது. ஒப்படைப்பதால் என்ன கிடைக்கும் என்பது சின்ன மருதுவுக்குத் தெரியாமல் இல்லை. கண்முன்னால் நடந்ததுதான். வெல்ஷ் போன்ற வெள்ளைக்காரச் சிநேகிதர்களும் அவருக்கு இருந்தார்கள்.

அண்ணனைப் பறிகொடுத்த ஒரு தம்பி வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே இருப்பவர்கள் அண்ணனும் தம்பியும். அடைக்கலம் கொடுத்தார்கள். அதில் அரசியல் கணக்கும் இருந்தது. திண்டுக்கல் கோபால நாயக்கர் முதல் மைசூர், மலபார் பக்கத்துக் கிளர்ச்சிக்காரர்கள் வரைக்கும் ஒன்று சேர்ந்துகொண்டிருந்த நேரம். ஆனால் வெறும் கணக்கு மட்டும் என்றால் தோல்வி நிச்சயமான செப்டம்பரிலாவது ஊமைத்துரையைக் கொடுத்துவிட்டுப் பேரம் பேசியிருப்பார்கள். பேசவில்லை.

திருச்சி அறிக்கை என்பது என்ன?

1801 ஜூன் 16-இல் சின்ன மருது பெயரால் வெளியான பிரகடனம். ஒரு பிரதியைத் திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனை வாசலிலும் இன்னொன்றை ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டினார்கள். ஜம்புத் தீபத்தில், அதாவது இந்த நாட்டில், வாழும் எல்லாச் சாதியாருக்கும் முஸ்லிம்களுக்கும் என்று அழைத்து எழுதியது. நவாப் முட்டாள்தனமாக வெள்ளையருக்கு இடம் கொடுத்துவிட்டார் என்றும், நம்மவர்கள் ஒற்றுமையில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லி நாட்டையே ஒப்படைத்துவிட்டார்கள் என்றும் அதில் வருகிறது. நோய் எது என்று சின்ன மருது சரியாகவே பிடித்திருந்தார். ஒட்டிய இடம் நவாபின் வாசல் என்பதையும் கவனியுங்கள்.

கம்பெனி இவர்களைப் பிரிக்க முயலவே இல்லையா?

முயன்றது. கம்பெனிப் படைத்தலைவர் கர்னல் அக்னியூ வெளியிட்ட அறிவிப்பில், மருதுகள் அரச வம்சமே இல்லை, வேலைக்காரர்கள் அபகரித்துக்கொண்டார்கள், அவர்களை விட்டு விலகி வருபவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று சொல்லப்பட்டது. அடுத்ததாகச் சிவகங்கை அரச குடும்பத்தோடு உறவுள்ள படமாத்தூர் ஒய்யாத் தேவரைத் தேடிப் பிடித்து, 1801 செப்டம்பர் 12-இல் சோழபுரத்தில் ராஜா என்று பட்டம் கட்டினார்கள். தஞ்சாவூரில் செய்த அதே வேலை, ஆற்காட்டில் செய்த அதே வேலை. இந்த முறை அண்ணன் தம்பிக்குள் விரிசல் கிடைக்காததால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பட்டம் கட்டியதும் சனங்களில் ஒரு பகுதி விலகத்தான் செய்தது. போரை முடித்தது பீரங்கியைவிட அந்தப் பட்டாபிஷேகம் என்றே நான் நினைக்கிறேன்.

போர் எப்படி முடிந்தது?

சிறுவயல் எதிரி கையில் கிடைக்கக்கூடாது என்று மருதுகளே அதற்குத் தீ வைத்தார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கம்பெனிப் படை ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பாடுபட்டுத் தோற்றுத் திரும்பியது. பிறகு வேறு வழிகளில் வந்து அக்டோபர் 1-இல் காளையார்கோயிலைப் பிடித்தது. காட்டுக்குள் போன சகோதரர்கள் அந்த மாதத்துக்குள் பிடிபட்டார்கள்.

கோபுரத்தை இடிக்காமல் இருக்கத்தான் சரணடைந்தார்களா?

மருதுகள் சரணடையாவிட்டால் கோபுரத்தைப் பீரங்கி வைத்துத் தகர்ப்போம் என்று கம்பெனி மிரட்டியது, கோபுரத்துக்காக அவர்கள் தாங்களாகவே வந்தார்கள் என்பது எங்கள் பக்கத்துச் செவிவழிச் செய்தி. வெல்ஷ் எழுதியது வேறு. சின்ன மருதுவைக் காட்டு விலங்கைப் போல வேட்டையாடித் தொடையில் காயப்படுத்திப் பிடித்தார்கள், பிறகு தூக்கில் போட்டார்கள் என்று வருத்தத்தோடு எழுதுகிறார். காளையார்கோயில் கோபுரத்தடியில் நின்று இந்த இரண்டையும் சொல்வேன். ஊர்ப் பெரியவர்கள் முதல் கதையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்கள் முன்னால் நான் வாதாடுவதும் இல்லை.

காட்டிக்கொடுத்தது யார்?

மருதுவிடம் வேலை பார்த்தவனே என்கிறது ஊர்ப் பேச்சு. அதற்கு ஒரு பெயரும் சொல்வார்கள். நான் எழுதப்போவதில்லை.

குடும்பத்துக்கு என்ன ஆனது?

ஆண் வாரிசுகளைத் தேடித் தேடிக் கொன்றார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு 15 வயது என்பதால் தூக்கிலிருந்து தப்பினார். அவரையும் மற்ற 72 பேரையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். தூத்துக்குடியில் அந்தக் கைதிகளுக்குக் காவல் பொறுப்பு வெல்ஷுடையது. பழைய சிநேகிதரின் பிள்ளைக்கு விலங்கின் பாரத்தைக் குறைப்பதைத் தவிர அவரால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது தள்ளாடிய ஒரு கிழவர் அவரைப் பார்க்க வந்தார். யாரென்று விசாரித்தால் துரைசாமி. வயது முப்பத்துச் சொச்சம்தான் இருக்கும்.

ஊமைத்துரையை 1801 நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

மகளுக்குப் பேச்சுப்போட்டி. ‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்று ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. கேட்பவர்களுக்கு உடனே புரியும். ஆனால் அந்தப் பழமொழியோடு நிற்க வேண்டாம். அண்ணனைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள். பதவியைத் தம்பியிடம் விட்ட பெரிய மருதுவைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. வெள்ளையனே வெளியேறு என்று கத்துவதைவிட, வாசலில் காவலாளி இல்லாத சிறுவயல் வீட்டை வர்ணித்தால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தேதிகளில் 1801 ஜூன் 16, அக்டோபர் 24 இரண்டு மட்டும் போதும்.

மதுரையில் அவர்கள் நினைவாக ஏதாவது இருக்கிறதா?

மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்து மீனாட்சி நாயக்கர் மண்டபத்தில் நேரே நடந்தால், அதன் முடிவில் ஒரு பெரிய பித்தளைத் திருவாட்சி (வளைவு) நிற்கும். அதில் 1008 விளக்குகள். மருது சகோதரர்கள் 1795-இல் கொடுத்தது. கழுத்தை நிமிர்த்தி மேலே வரைக்கும் பாருங்கள், ஒவ்வொரு அகலும் தனித்தனியாகத் தெரியும். சேர்வைக்காரர் மண்டபமும் அவர்கள் கட்டியது. அந்த 1795-இல்தான் வெல்ஷ் மதுரையில் இருந்தார், ராமநாதபுரத்தில் சேதுபதியைச் சிறைவைத்தார்கள், சேப்பாக்கத்தில் வாலாஜா இறந்தார்.

எப்போது போவது நல்லது?

அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அரசு மரியாதை நடக்கும். 27-ஆம் தேதி காளையார்கோயிலில் குருபூஜை. அந்த நாட்களில் கூட்டமும் வாகனக் கட்டுப்பாடும் இருக்கும், வாடகை வண்டியில் போவது சிரமம். நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு ஏதாவது ஒரு வாரநாள் காலையில் மதுரையிலிருந்து கிளம்புங்கள். சிவகங்கை வழியாகக் காளையார்கோயில் ஒன்றரை மணி நேரம். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் கோயில். அதன் எதிரிலேயே மருதிருவர் சமாதி. திருப்பத்தூர் நினைவு மண்டபத்தை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். சிறுவயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் விட்டுவிடுகிற ஊர் அது. காரைக்குடிப் பக்கம் இருப்பதால் திருப்பத்தூருக்குப் போகும் வழியில் கொஞ்சம் சுற்றினால் போதும்.